சாயங்காலத்துக்குள் துரு

மார்லீன் பிக்கப்பைக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. சமையலறைத் துண்டில் சுற்றிய ரிவால்வரை மார்போடு அணைத்துக்கொண்டு, பனியில் சறுக்கியபடி ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"என் கையாலேயே கதையை முடிச்சுட்டேன், ஹாலிஸ். சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள எதாவது பண்ணு."

துப்பாக்கி ரிப்பேர்க்காரன் ஹாலிஸ் அவள் தோளுக்கு மேலாக வண்டியை எட்டிப் பார்த்தான். உள்ளே அவள் கணவன் டுவெய்ன் பிணமாகக் கிடக்கிறானா என்று பார்த்திருப்பான். யாரும் இல்லை. பிறகுதான் துண்டை விரித்தான்.

ரிவால்வர் புது ஸ்பூன் மாதிரி பளபளத்தது.

டுவெய்ன் பில்லிங்ஸ் நகரத்தில் ஏலம் எடுத்து, சென்ற மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்த ரிவால்வர் அது. நூற்று முப்பது வருஷத்துப் பழசு. உச்சிமுதல் பாதம்வரை துரு. நாளைக்கு அவனுக்கு அறுபது வயது பிறக்கிறது. அவனை அசத்த நினைத்து, விடியுமுன் அவன் வேலைக்குக் கிளம்பியதுமே இரும்பு நாரும் பாலிஷுமாக உட்கார்ந்து தேய்த்துத் தள்ளிவிட்டாள் மார்லீன். பெருமை தாங்காமல் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். தங்கையிடமிருந்து ஒரே வார்த்தை பதில் வந்தது: 'அடிப்பாவி.'

பழைய ஆயுதங்களுக்குத் துருதான் மவுசு. அதைத் துடைத்தவனைச் சேகரிப்பாளர்கள் தங்கள் சாப்பாட்டு மேஜையில்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஊர்ச் சேகரிப்பாளர் சங்கத்து ஆட்கள் மூன்று பேர்தான் இன்று விருந்துக்கு வருகிறார்கள். டுவெய்னை இரண்டு முறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள். இந்த ரிவால்வரைப் பார்த்துவிட்டு, சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லப்போகிறார்கள்.

ஹாலிஸ் விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டான். உருளை சுற்றவில்லை. பின்னால் இழுத்த சுத்தியல் நிற்காமல் விழுந்தது. கழற்றினாயா என்று கேட்டான். வீடியோ பார்த்துக் கழற்றியதாக ஒப்புக்கொண்ட மார்லீன், கோட்டுப் பையிலிருந்து உடைந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"திரும்பப் பூட்டினப்போ இது மட்டும் மிச்சமாயிடுச்சு."

"நல்லவேளை, குண்டு மிச்சமாகல. துரு எப்படி உரிஞ்சு வந்துது? கஷ்டப்பட்டியா?"

"எங்கே. பால் ஏடு மாதிரி வழிச்சுக்கிட்டு வந்துடுச்சு."

"வரும்," என்றான் ஹாலிஸ். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா கவலையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இழுப்பறையைத் துழாவி வேறொரு ஸ்பிரிங் எடுத்து, அரத்தில் ராவிப் பொருத்தினான். உருளை டிக் டிக்கென்று சுற்றியது. அடுத்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உப்பும் வினிகரும் காயம் கழுவுகிற மருந்தும் கலந்து ஒரு தூரிகையைத் தோய்த்தான். தேய்ப்பதற்கு முன்னால் எடுத்த படத்தில் பழைய துரு எங்கெங்கே இருந்தது என்று காட்ட மார்லீன் செல்போனை நீட்டினாள். வெந்நீர்த் தொட்டியின் ஆவி பட்டால் போன் கெட்டுவிடும், உள்ளே வை என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்தான்.

தடவினான், ஆவியில் தொங்கவிட்டான், துடைத்தான், மறுபடி தடவினான். மார்லீன் முன்பக்கத்து நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் சாயத் தொடங்கியபோது அவன் ரிவால்வரை எண்ணெய்த் துணியால் துடைத்து அவள் மடியில் வைத்தான். அவள் போனிலிருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். குழலின் இடதுபுறத்தில் இருந்த காளான் வடிவத் திட்டுகூட அதே இடத்தில் இருந்தது.

டுவெய்ன் வேலையிலிருந்து திரும்புவதற்குள் ரிவால்வர் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

விருந்தில் எல்க் மான் கறியை யாரும் சரியாகத் தொடவில்லை. சங்கத் தலைவர் லைல் பூதக்கண்ணாடியை எடுத்து ரிவால்வரின் மேல் கவிழ்ந்துகொண்டார். மேலிருந்து கீழே போனார், கீழேயிருந்து மேலே வந்தார். டுவெய்னின் நெற்றி வியர்த்தது. மார்லீன் யாரும் தொடாத கறியை மறுபடியும் பரிமாறினாள்.

"இந்தத் துருவைப் பாருங்கப்பா," என்றார் லைல் கடைசியாக. "ஏதோ ஒரு கொட்டகையில நூறு வருஷம் கேட்பாரில்லாமக் கிடந்தாத்தான் இப்படி ஏறும். காசு குடுத்தா வராது."

அவரே தன் கையால் சங்கத்துத் தொப்பியை டுவெய்ன் தலையில் கவிழ்த்தார். மற்ற இருவரும் எழுந்து கைகொடுத்தார்கள். டுவெய்ன் கண்கலங்கி மூக்கை உறிஞ்சினான்.

அந்தக் கண்ணீர்தான் மார்லீனைக் கொன்றது. விருந்தாளிகளின் வண்டி தெருமுனை திரும்பும்வரைகூட அவளால் தாங்க முடியவில்லை. நாரையும் பாலிஷையும், மிச்சமான ஸ்பிரிங்கையும், ஹாலிஸின் வினிகரையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். வேண்டுமானால் தானே போய் லைலிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகவும் அழுதாள்.

டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஒரே பகல்லயா முடிச்சுக் குடுத்தான்?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு இதே துருவை ஏத்திக் குடுக்க ரெண்டு வாரம் இழுத்தடிச்சான், படுபாவி."