எட்டுத் திருகு

"ஏனுங்கண்ணா, போன செவ்வாக்கெழமதான ரெண்டு பேருமா முறுக்கி வெச்சோம்? இன்னைக்கு மறுபடியும் தொளதொளன்னு கெடக்குதுங்களே!"

குழந்தைவேல் பெரிய டிரம்மின் தோலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். தோல் குழிந்து விரலுக்கு வழிவிட்டது.

"பனிக்காலமுங்க. தோலு ஈரத்தை இழுத்துக்குது. ஆணியில திருகுச் சாவி தொங்குது பாருங்க, எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் மாதையன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேண்டு வாத்தியங்கள் விற்கும் ஒற்றை அறைக் கடை அவருடையது.

குழந்தைவேல் ஆட்டையாம்பட்டிக்காரர். நாடகக் கம்பெனியில் டிரம் வாசிப்பவர். கம்பெனிக்குப் புது டிரம் செட் வேண்டுமென்று மூன்று மாதமாகச் செவ்வாய் தவறாமல் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். சின்ன டிரம்மும் தாளத் தட்டும் முதல் நாளே முடிவாகிவிட்டன. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில்தான் காரியம் நின்றது.

இருபத்தெட்டு அங்குல டிரம்மை, "இது சாமி ஊர்வலத்துக்குத்தானுங்க லாயக்கு. நாடகத்துல வெச்சா ராசா பேசற பேச்சையே முழுங்கிப்போடும்" என்று ஒதுக்கினார். இருபது அங்குலம் தகர டப்பாவாகக் கத்தியது. மிஞ்சியது மேச்சேரி ஆட்டுத்தோல் போர்த்திய இருபத்து நாலு. அதை ஒவ்வொரு வாரமும் சுருதி கூட்டுவார். "ஒரு வாரம் நிக்குதான்னு பாத்துட்டு எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த செவ்வாய் வந்து பார்த்தால் தோல் தளர்ந்திருக்கும்.

இருவரும் டிரம்முக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். தோலை இழுத்துப் பிடிக்க விளிம்பைச் சுற்றி எட்டுத் திருகு. ஒன்றை அரைச் சுற்று முறுக்கினால், அடுத்து அதற்கு நேர் எதிர்த் திருகு. குழந்தைவேல் விளிம்பைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார்.

"உங்க பக்கம் கீழ்த் திருகு கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க."

"இப்பங்க?"

"இன்னும் ஒரு பொட்டு... ஆங், நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பழைய வேட்டிக் கிழிசலை மடித்துத் தோலின் குறுக்கே இறுக்கிக் கட்டினார்கள். குழந்தைவேல் காலால் மிதித்தார்.

'தும்.'

அதிர்வு இழுக்கவில்லை. அடித்த இடத்திலேயே முடிந்து, நெஞ்சுக்குள் மட்டும் இறங்கியது.

"அருமையா வந்திருக்குதுங்க" என்றார் மாதையன்.

"ஆமாங்க" என்றார் குழந்தைவேல். அவர் குரலில் சந்தோஷமே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இறங்கி வந்தவர் ஈரோட்டு நாடகக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு.

"தெருவுல வாரப்ப ஒரு 'தும்' கேட்டுதே, அந்த டிரம்முதானுங்க எனக்கு வேணும். நாளைக்கே நாடகம். கட்டிக் குடுத்துருங்க."

மாதையன் குழந்தைவேலைப் பார்த்தார். "இவிங்க மூணு மாசமாச் சொல்லி வெச்சிருக்கறாங்க. இவிங்க வேண்டாமுன்னா நீங்க எடுத்துக்கலாமுங்க."

குழந்தைவேலின் கை டிரம்மின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. "எங்க கம்பெனிக்கு முடிவாயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஏஜெண்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். ஜட்காவின் சத்தம் தெருமுனையில் கரைந்தது. குழந்தைவேலுக்கு மாதையன் முகத்தைப் பார்க்கவே கூசியது. நல்ல ஏவாரத்தைக் கெடுத்தாகிவிட்டது.

"அண்ணா, நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. எங்களுக்குக் கம்பெனியே இல்லீங்க. ஐப்பசியிலேயே ராசிபுரத்துல கலைஞ்சு போச்சு. ஆளுக்கொரு தெசையாப் போயிட்டாங்க."

மாதையன் தரையில் கிடந்த சாவியை எடுத்தார்.

"என்ற சம்சாரம் அத்தாயி போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சுங்க. அக்கம்பக்கத்து ஊட்டுலயெல்லாம் தறி ஓடும், சண்டை நடக்கும், சிரிப்பு கேக்கும். என்ற ஊட்டுல நாஞ் செருமுனாத்தானுங்க சத்தம். வாரம் பூராவும் நான் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசறது இங்க வந்துதான். டிரம்மு வித்துப்போச்சுன்னா அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு வாரதுங்க?" அவர் எழுந்தார். "ஓடிப் போயி அந்த ஆளைக் கூட்டியாரட்டுங்களா?"

"வேண்டாமுங்க." மாதையன் சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். "உங்க கம்பெனி கலைஞ்சது எனக்கு அப்பவே தெரியும். ஆர்மோனியத்தை விக்க இங்கதான கொண்டாந்தாங்க."

"தெரிஞ்சுமா இத்தனை நாளு என்னோட உக்காந்து முறுக்குனீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. பொறப்படுங்க" என்று சொல்லி, மாதையன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

கோபம்தான், வேறென்ன? குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் இறங்கினார். இனிமேல் செவ்வாய்க்கிழமையும் மற்ற நாட்களைப் போலத்தான். விடியும், அடையும். பஸ் நிற்கும் இடம் வரை போனவருக்கு ஏற மனம் வரவில்லை. காலில் விழுந்தாவது ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவோம் என்று வந்த வழியே திரும்பினார்.

கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கூப்பிட வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே மாதையன் டிரம்மை மடியில் சாய்த்துக்கொண்டு, வாராவாரம் செய்து பழகிய கையோடு, எட்டுத் திருகையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.