தென்பக்கச் சுவர்

"அந்தப் பக்கம் ஒரு ஜன்னலும் வேண்டாம், மக்கா."

ராஜதாஸ் பிளானின் தென்பக்கத்தில் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டார். ஆர்க்கிடெக்ட் லிஜிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொல்லயில் ஊரில் பூச்சும் பெயிண்டும் இல்லாத காங்கிரீட் வீட்டுக்கு ஓர் ஆள் சம்மதிப்பதே அபூர்வம். அதிலே அவள் ஆசை ஆசையாய் வரைந்தது அந்த நீள ஜன்னலைத்தான்.

"அங்கிள், காத்து வாற பக்கம் அதாக்கும். உங்க மோன் ஜிபினுக்க ரூமும் அங்கதான்."

"அவன் ஃபேன் போட்டுக் கிடக்கட்டும்."

தென்பக்கத்து வீடு அவருடைய தம்பி கனகதாஸுடையது. கூடப்பிறந்தவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இருபதடி உயரத்துக்கு மொட்டைச் சுவர்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன் வேறு. லிஜி பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலை அழித்தாள்.

அந்தச் சுவருக்குக் காங்கிரீட் போடுகிற அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"தம்பிகூட அப்படி என்ன பிணக்கு, அங்கிள்?"

"பிணக்கா?" ராஜதாஸ் திகைத்துப் போனார். கலவை மெஷின் இரைச்சலில் பேச முடியாமல் கிட்டே வந்தார்.

"போன வருஷம் வெள்ளறடை ரோட்டில பைக் மறிஞ்சதுல்லா? ஓட்டின எனக்க ஜிபின் பிழைச்சான். பின்னால இருந்த தம்பிக்க மோன் சானு போயிட்டான். ரெண்டுபேருக்கும் ஒரே வயசு. நாங்க இங்க குடிவந்தா, ஜிபின் படிக்கியதையும் சட்டை மாத்தியதையும் சானுவுக்க அம்மை தினமும் பாக்கணுமா? விமலா தாங்கமாட்டா. பெத்த வயிறில்லா, மக்கா..."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த மனுஷனையா அப்படி நினைத்தோம் என்று லிஜிக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானத்துக்குள் சுவர் முழுக்கக் காங்கிரீட் இறங்கிவிட்டது.

காங்கிரீட்டைத் தாங்கிய பலகைகளைப் பிரித்த அன்று லிஜி சுவரைப் பார்க்க மதிலோரம் போனாள். அந்தப் பக்கம் விமலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"இங்கோட்டு ஒரு ஜன்னலும் இல்லியா, மக்கா?"

"இல்ல, ஆன்ட்டி. உங்களுக்குச் சங்கடமாகக் கூடாதுன்னு அங்கிள்தான்..."

விமலா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜிபினுக்க ரூம் இந்தப் பக்கம்னு கேட்ட அன்னைக்கே எனக்க கட்டிலை எங்க வீட்டு ஜன்னலுக்குக் கிட்ட மாத்திப் போட்டுட்டேன், மக்கா. அவனையாவது பாத்துக்கிட்டுக் கிடக்கலாமேன்னு."