பாதிப் பந்தியில் ஒரு போன்

இலையில் போட்ட சோறு பாதிகூட இறங்கவில்லை. திருமலையின் போன் அடித்தது.

"தாங்க முடியலடா. கை காலெல்லாம் நடுங்குது. உடனே வா."

முனிவேலின் குரல். எதிரே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மனைவி சென்னம்மாளுக்கே கேட்டது.

திருமலை கையைக் கழுவினான். வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போயே போய்விட்டான்.

குலதெய்வத்துக்குக் கெடா வெட்டி, சூளகிரிப் பங்காளிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்த விருந்து. வீட்டுக்காரனே பாதியில் எழுந்து போனால் பந்தி என்ன பேசும்?

"எங்க போயிருப்பான், கடைக்குத்தான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு," என்றான் கொழுந்தன் பெருமாள். சொன்னவன் அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால், அத்திப்பள்ளியில் வாங்கிவந்த பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தான்.

சென்னம்மாளுக்கு மானம் போயிற்று.

திருமலை குடியை விட்டு ஒரு வருஷமாகிறது. ஓசூரில் ஞாயிறுதோறும் கூடுகிற கூட்டத்தில்தான் முனிவேல் பழக்கமானான். குடித்துச் சீரழிந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற கூட்டம் அது. ஆசை வந்தால் அவர்களில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு முனிவேல் உயிரை வாங்கினான். சம்பள நாளா, கூப்பிடுவான். கல்யாண வீடா, கூப்பிடுவான். சேற்றில் விழுந்தவனைத் தூக்கப் போய் இவரும் விழுந்துவிட்டால்? அந்தப் பயம் அவளைத் தின்றது.

மறுநாள் காலை, திருமலை தடுத்தும் கேளாமல் முனிவேல் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

முனிவேல் வாசலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"அண்ணா, உங்களுக்குக் கும்பிடு போடறன். எங்க வீட்டுக்காரர விட்டுருங்க. வேற யாரையாவது கூப்பிடுங்க."

"உக்காரும்மா."

"உக்கார வரல. அவரே இப்பத்தான் எழுந்து நிக்கறாரு. உங்களையும் சேத்துத் தாங்கறதுக்கு அவருக்கு ஏது சக்தி?"

முனிவேல் தாடைக்கடியில் கத்தியை நிதானமாக இழுத்தான். கை இம்மிகூட ஆடவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

"நேத்து கை காலெல்லாம் நடுங்குதுன்னீங்களே?"

அவன் கத்தியைக் கழுவி வைத்தான்.

"எனக்கு அந்த ஆசை விட்டுப்போயி பல வருஷம் ஆச்சும்மா."

"அப்புறம் என்னாத்துக்குப் போன் பண்ணீங்க?"

"பங்காளிங்க பாட்டிலோட வந்துட்டாங்கன்னு நேத்து காலையில அவன்தான் போன்ல சொன்னான். சொல்லும்போதே குரல் சரியில்ல. 'வாடா, உன்னப் பாத்துக்கறன்'னு சொன்னா வரமாட்டான், ரோஷக்காரன். 'என்னக் காப்பாத்துடா'ன்னா, எல சோத்த வுட்டுட்டு ஓடி வருவான்."

சென்னம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வைய வந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

"அவன்கிட்ட சொல்லிராதம்மா," என்றான் முனிவேல். "தெரிஞ்சா அடுத்த தடவ வரமாட்டான்."

வீட்டில் திருமலை காத்துக்கொண்டிருந்தான்.

"சண்ட போட்டுட்டு வந்தியா? நேத்து ரொம்பக் கஷ்டப்பட்டான், பாவம். நான் பக்கத்துல இருக்கப்போய் தப்பிச்சான். இப்ப எப்படி இருக்கான்?"

சென்னம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"இன்னும் சரியாகலங்க. கை நடுங்கிக்கிட்டேதான் இருக்குது," என்றாள். "அவரு எப்பக் கூப்பிட்டாலும், எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டுப் போயிருங்க."