வீட்டில் பேசிய சொற்கள்

பேச்சுப் பயிற்சி டீச்சர் கேட்டும், நோட்டைத் தரமாட்டேன் என்று மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள் அவள்.

அட்டையில் "வீட்டில் பேசிய சொற்கள்" என்று எழுதியிருந்தது. உள்ளே பதினோரு மாதமாக வெறும் தேதிகள்.

நேற்றைய தேதிக்கு எதிரிலும் அவள் எதுவும் எழுதவில்லை. அதையெல்லாம் எப்படி எழுதுவது?

மகள் தர்ஷிகாவுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது. போன வருடம் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டினார்கள். இனிமேல் கேட்கும், பேச்சை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், ஐந்து வயதைத் தாண்டினால் கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொண்டுவருவதென்றால் சும்மாவா?

தோசை ஊற்றினால் தோசை என்றாள். மழை பெய்தால் மழை என்றாள். வீட்டுச் சாமானையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தண்ணி லாரி ஓட்டும் புருஷன் ஏகாம்பரம்கூட, தெருவையே அதிரவைக்கும் தொண்டையை அடக்கி, மகள் முன்னால் சம்மணம் போட்டு, படத்தைக் காட்டி, "பா...ல்" என்று குழைந்தான்.

அது அவன் வாயைப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவுதான்.

கெட்ட வார்த்தை மட்டும் குறையவில்லை. பாப்பாவுக்குத்தான் கேட்காதே என்று மூன்று வருடம் வாய்க்குப் பூட்டில்லாமல் பேசிப் பழகிய மனுஷன். மெஷின் வந்தபிறகு அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டதில், திட்டுவதற்கு மட்டும் தெருவுக்குப் போனான்.

நேற்றும் போனான். எவனோ லாரியை மறித்துப் பைக்கை நிறுத்தியிருந்தான்.

குழந்தை அடுப்படியில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தது.

"பேமானி" என்றது.

வாயிலேயே ஒன்று போடக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைக் கேட்டு, அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல், ஓவென்று அழுதாள்.

"என்னம்மா, இந்த வாரமும் ஒண்ணும் இல்லியா?" டீச்சர் மறுபடியும் கேட்டார்.

கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டு அம்மாக்கள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். மானம் மிஞ்சும்.

ஆனால் பதினோரு மாதம்! எத்தனை தோசை, எத்தனை மழை! யார் வாயையும் பார்க்காமல், தெருவிலிருந்து ஒரு வார்த்தையைத் தானே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது குழந்தை. அதைப் போய் இல்லை என்பதா?

கல்யாணமாகி ஏழு வருடத்தில், அந்த வார்த்தைக்காக அவள் புருஷனிடம் சண்டை போடாத நாளில்லை. அவள் வாயில் ஒருமுறைகூட வந்ததில்லை.

எழுந்து நின்றாள்.

"பேமானின்னு சொல்லுச்சு டீச்சர்."

டீச்சர் பேனாவை வைத்துவிட்டார்.

"முழுசாவா? மூணு எழுத்தும் வந்துச்சா?"

"மூணும் வந்துச்சு. பே, மா, னி." பெஞ்சுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவங்கப்பா தெருவுல கத்துனாரு. இது உள்ள இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. காதால கேட்டுச் சொல்லுச்சு டீச்சர், காதால!"

வெளியே பெஞ்சிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவள் பெஞ்சைத் தாண்டி நடந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மடியில் பையனை வைத்திருந்த ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். பையனின் காதுக்குப் பின்னாலும் அதே மெஷின்.

"எங்க வீட்ல ஒருத்தருக்கும் திட்ட வராதுக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "உங்க வீட்டுக்காரர ஒரு நாள் எங்க தெருவுக்கு அனுப்பி வைப்பீங்களா?"