அய்யா காத்திருக்கிறார்

“அவர் ஃபிளைட் இன்னும் இறங்கலையாம் அத்தை. மேலேயே வட்டம் அடிக்குதாம்.”

மணப்பெண் செல்போனைப் பார்த்துச் சொன்னதும், திருமணப் பதிவு அலுவலக பெஞ்சில் இருந்த அத்தை பொங்கினாள். “ஊருக்கு மேல வந்தாச்சுன்னா இறங்க வேண்டியதுதானே? அங்கே என்ன வேடிக்கை?”

“பெரிய ஏர்போர்ட்டும்மா. வானத்துலயே க்யூ,” என்றார் மேஜைக்குப் பின்னாலிருந்த கிளார்க். “முன்னாடியெல்லாம் இந்த ஃபிளைட் காலையில டாண்ணு வந்துடும். இப்ப வருஷா வருஷம் லேட்டு கூடிக்கிட்டே போகுது. சாயங்காலம் ஆனாலும் கேட்க நாதி இல்லை.”

யார் வீட்டு மாப்பிள்ளையோ வரும் விமானத்தில் இந்த மனுஷருக்கு இவ்வளவு அக்கறையா என்று அத்தைக்கே ஆச்சரியம்.

விஷயம் இதுதான். கல்யாணப் பதிவுக்குக் கொடுத்திருந்த நோட்டீஸின் கெடு இன்றோடு முடிகிறது. அலுவலகம் மூடுவதற்குள் மாப்பிள்ளை வந்து கையெழுத்துப் போடாவிட்டால், மறுபடி முதலிலிருந்து மனு. அவனுக்கு இனி லீவு அடுத்த வருஷம்தான். ‘பையன் வருவானா, நழுவிட்டானா’ என்று சொந்தக்காரர்கள் இப்போதே வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பித்து வைத்ததே அத்தைதான் என்பது வேறு கதை.

“சார், நானே அதிகாரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடறேனே?” மணப்பெண் மூடிய அறையை நோக்கி எழுந்தாள்.

கிளார்க் பாய்ந்து குறுக்கே நின்றார். “உட்காரும்மா! அய்யா கொதிச்சுப்போய் இருக்கார். ‘கல்யாணத்துக்கே நேரத்துக்கு வராதவன் என்ன குடும்பம் நடத்துவான்’னு கேட்கிறார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வெச்சிருக்கேன்.”

“நீங்க நல்லா இருக்கணும்,” என்று அத்தை உருகினாள்.

பக்கத்து அறைகளில் விளக்கு அணைந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். “பூட்டலாமா சார்?”

“போய்யா, அப்புறம் வா!” கிளார்க்கின் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

மணப்பெண்ணுக்குக் கண் கலங்கியது. “நேரம் தாண்டிட்டா அவ்வளவுதானா சார்?”

“அவ்வளவுதாம்மா.” அவர் குரல் அவளுடையதைவிட அதிகமாக நடுங்கியது.

“இறங்கிடுச்சு!” என்று அவள் சொல்ல வாயெடுக்குமுன், தன் போனைப் பார்த்த கிளார்க் “அப்பாடா!” என்று நாற்காலியில் விழுந்தார். தங்கமான மனுஷன் என்று அத்தை முடிவே கட்டிவிட்டாள்.

வாட்ச்மேன் இரண்டாம் முறை எட்டிப் பார்த்தபோதுதான் வாசலில் டாக்ஸி கிறீச்சிட்டது. மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தான். பின்னாலேயே சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை.

“இவரு யாரு தம்பி, சாட்சியா?” என்றாள் அத்தை.

“பக்கத்து சீட்டுக்காரர் அத்தை. இவரும் இங்கேதான் வரணுமாம். ஒரே டாக்ஸியில வந்துட்டோம்.”

இவ்வளவு நேரமும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த அதிகாரி, இழுத்து வந்த சூட்கேஸைக் கிளார்க்கின் கையில் திணித்து, “என்னை யாராவது தேடினாங்களாய்யா?” என்று கேட்டார்.