ஒன்றுவிட்ட கட்டில்

பையும் வாளியுமாகக் கதவருகே வந்து நின்றவளைப் பார்த்ததும் தேவிப்பிரியா கையிலிருந்த புத்தகத்தை மடியில் இறக்கினாள்.

விடுதிக்குப் புதிதாக வந்த பெண். பெயர் கனகலட்சுமி என்று வார்டன் காந்திமதி காலையிலேயே சொல்லியிருந்தாள். செல்போன் கம்பெனியில் தேவிப்பிரியா வேலை பார்க்கும் அதே லைன், வேறு ஷிப்ட்.

அதுதான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஆசிரியர் தேர்வு. அன்றைக்கென்று பார்த்துக் காலை ஷிப்ட் போட்டுத் தொலைத்திருந்தார்கள். லீவு கிடையாது, வேண்டுமானால் அதே லைனில் ஓர் ஆளை மாற்றிவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். இதையும் கோட்டைவிட்டால், எம்.எஸ்ஸி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் இன்னும் எத்தனை வருஷம் போனுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டு கிடப்பது?

செல்வலட்சுமியைக் கேட்கலாம். அதே அறை, அதே லைன், ஷிப்டும் தோதானதுதான்.

அவளிடம் போய் நிற்பதற்கு ஸ்க்ரூ முடுக்கியே சாகலாம். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. போனை ஸ்பீக்கரில் போட்டு ஊரையே கூப்பிடுவாள். கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு கடிப்பாள். பென்சீன் என்றால் பெயிண்டா என்று கேட்டவள். அன்றோடு அவளிடம் பேசுவதையே தேவிப்பிரியா நிறுத்திவிட்டாள்.

மடியில் அந்தப் பென்சீன் பக்கம்தான் விரிந்திருந்தது.

ஆறு கார்பன்கள் கைகோத்து உட்கார்ந்திருக்கும் வளையம். அதில் முதலில் வந்து ஒட்டிக்கொண்டது எதுவோ, அது வைத்ததுதான் சட்டம். கொடுக்கிற குணமுள்ளது என்றால் வளையம் கலகலவென்று இருக்கும். எலக்ட்ரானுக்கு அலைகிற புது ஆள் ஓடி வந்து அதன் பக்கத்திலோ நேர் எதிரிலோ உட்காருவான். நைட்ரோ மாதிரிப் பிடுங்குகிற ஜாதி என்றால் வளையமே களையிழந்துவிடும். அமிலத்தைக் கூட்டி, சூடேற்றி, பிடித்துத் தள்ளினால்தான் புதிதாக ஒன்று வரும். வந்தாலும் பக்கத்து இடமும் வேண்டாம், எதிர் இடமும் வேண்டாம் என்று ஒன்று விட்டுத் தள்ளிப் போய் உட்காரும்.

வந்தது எங்கே உட்கார்ந்தது என்று மட்டும் சொன்னால் போதும். முதலில் இருந்தது எப்பேர்ப்பட்டது என்று தேவிப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

இந்த அறையிலும் ஆறு கட்டில்கள். நீளச் சுவர்களில் இரண்டிரண்டு, குட்டைச் சுவர்களில் ஒவ்வொன்று. ஜன்னலடியில் தேவிப்பிரியா. அவளுக்கு நேர் எதிரே, கதவையொட்டி ஒரு காலிக் கட்டில். வலது சுவரில் பக்கத்துக் கட்டிலை விட்டுவிட்டு அடுத்ததில் செல்வலட்சுமி. மற்ற அறைகளில் இடம் போதாமல் தரையில் பாய் விரிக்கிறார்கள், இங்கே வரச் சொன்னால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணையும் காந்திமதி அதட்டி உருட்டித்தான் அனுப்பியிருப்பாள்.

எல்லாம் செல்வலட்சுமியின் லட்சணம். அசல் நைட்ரோ.

புதுப்பெண்ணுக்காகப் பக்கத்துக் கட்டிலிலிருந்து தன் ஈரத் துண்டை எடுத்து, தூசி தட்டி, சார்ஜர் போடும் இடத்தைக்கூடக் காலிசெய்து வைத்திருந்தாள் தேவிப்பிரியா. ஜன்னல் காற்று வேறு. அறிவுள்ளவள் எவளும் விடமாட்டாள். தன் பங்குக்குக் கொஞ்சம் சிரித்தும் வைத்தாள். பழக்கமில்லாததால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கனகலட்சுமி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். தேவிப்பிரியாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடது சுவரோரம் திரும்பி, ஜன்னலுக்கு அடுத்த கட்டில் வரை போகாமல், அதற்கு முன்பே கதவுப் பக்கமிருந்த கட்டிலில் பையை வைத்தாள்.

"யக்கா, இங்க போட்டுக்கினா ஒண்ணும் இல்லியே?" என்று செல்வலட்சுமியிடம்தான் கேட்டாள்.

"ஒனக்கு இல்லாத கட்டிலா புள்ள. முறுக்கு திங்கியா?"

தேவிப்பிரியா விரலால் எண்ணிப் பார்த்தாள். செல்வலட்சுமி கட்டில், நடுவில் கதவோரக் கட்டில், அதை விட்டு அடுத்தது இந்தப் பெண். ஒன்று தள்ளி. புத்தகத்தில் போட்டது போட்டபடி. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. படிக்காத சிறுக்கிக்கும் ஒரே நொடியில் தெரிந்திருக்கிறதே, யாரை ஒட்டி உட்காரக்கூடாது என்று.

இவள் மனதை அந்த முறுக்குக்காரி கலைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையைப் பேசி முடித்துவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

ஆனால் வளையத்தின் விதி முதலில் இருந்ததைப் பற்றியது.

போன ஐப்பசி மழையில் நனைந்த பையோடு செல்வலட்சுமியும் இதே கதவருகில்தான் வந்து நின்றாள். அவளும் ஜன்னலோரத்தைப் பார்த்தாள், எதிர்க் கட்டிலைப் பார்த்தாள், ஒன்று விட்டுத் தள்ளிப் போய்ப் பையை வைத்தாள்.

அன்றைக்கு இந்த அறையில் இருந்தவள் தேவிப்பிரியா ஒருத்திதான்.