பதினோரு மணி அழைப்பு

அன்று முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செலுத்தும் நாள். பதினோரு மணிக்கு அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் போரில் இறந்த வீரர்களுக்காக இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்க எல்லாரும் எழுந்தார்கள். போன வருஷம் நடு மௌனத்தில் யாருடைய போனோ சினிமாப் பாட்டுப் பாடி மானத்தை வாங்கியிருந்தது. அதனால் இந்த முறை மேலாளர் எல்லாப் போன்களையும் அணைத்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வரவேற்பு மேசையில் இருப்பவள் தலைகுனிந்து தம்பியை நினைத்துக்கொண்டாள். பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், இப்போது ஒரு பழைய கிடங்கில் காவலாளி.

இரண்டு நிமிஷம் முடிந்தது. போனை வாங்கி அவள் உயிர்ப்பித்த உடனே தம்பி கூப்பிட்டான்.

"எதுக்குக்கா கூப்பிட்டுட்டுப் பேசாமலே இருந்தே?"

"நான் எங்கடா கூப்பிட்டேன்? போன் பூட்டுக்குள்ள இருந்துச்சு."

"உன் நம்பர்தான்க்கா. சரியா பதினோரு மணி. சிக்னல் இல்லையோன்னு வெளியே வந்து, அக்கா அக்கான்னு கத்திட்டிருந்தேன். பின்னாடி கிடங்குக் கூரை மொத்தமா இறங்கிடுச்சு."

அவள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். "உள்ளே யாராவது?"

"நான் ஒருத்தன்தான் இருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லைக்கா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வேறென்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டியாடா?" என்றாள்.

"சாப்பிட்டேன். ஆமா, உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு?"

"ஏழு பேர். ஏன்?"

"போன்ல மூச்சு விடற சத்தம் கேட்டுச்சுக்கா. நூறு பேருக்குக் குறையாது. எல்லாரும் ஒண்ணா இழுத்து, ஒண்ணா விட்டாங்க. பட்டாளத்துல வரிசையில நிக்கிறப்ப நாங்க அப்படித்தான் விடுவோம்."